பாமினியும் பேஜ்மேக்கரும் சுவிஸிலிருந்து வந்த மெக்கும்

கேள்வி:

சேர், களுவாஞ்சிக்குடியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். தட்டச்சு, போட்டோகொப்பி, மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு மலர், கோயில் சடங்கு நோட்டீஸ், புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் எல்லாம் செய்கிறோம். விண்டோஸ் 7 போட்ட பழைய கம்பியூட்டரில்தான் பத்து வருச வேலையும் கிடக்குது. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளும் வேர்டும், எழுத்துரு பாமினி. அது இப்போது அடிக்கடி நின்றுபோகுது. திருத்த வந்த தம்பி, "இதை எறிஞ்சுபோட்டு விண்டோஸ் 11 மெஷின் ஒண்டு எடுங்க அக்கா" என்கிறார்.

இதற்கிடையில் சுவிஸில் இருக்கும் அத்தான் தான் பாவித்த மெக்புக்கை அனுப்பிவைத்தார். அதில் பேஜ்மேக்கர் ஏறவே இல்லை. வேர்ட் கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக இங்கிலிஸ் எழுத்து. பாமினியைத் தேடிப் போட்டேன். தமிழ் தெரிந்தது, ஆனால் நான் 'ல' அடித்தால் 'ண' வருகுது, குற்றுப் போடுகிற விசையில் வேறு என்னவோ வருகுது. ஒரு ஆசிரியர் கொண்டுவந்த வினாத்தாள் அவருடைய லப்டொப்பில் நாலு பக்கம், என்னிடம் ஐந்து பக்கம். படங்கள் அடுத்த கேள்விக்குக் கீழே போய் நிற்குது. வந்தாறுமூலையில் படிக்கும் மகன், "எல்லாத்தையும் விட்டுட்டு உபுண்டு எண்ட இலவச லினக்ஸ் இயங்குதளத்தப் போடுவம்" என்று நிற்கிறான். எல்லாமே கம்பியூட்டர்தானே சேர், ஒன்றில் செய்தது மற்றதில் ஏன் வராது? நான் எதை வைத்திருக்க, எதை விட?

– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்:

தங்கச்சி, இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். பழையதை எறியவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் கணினியை மாற்றினால் தீருவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உங்கள் கோப்புகளுக்குள் இருப்பவை. எவ்வளவு விலை கொடுத்து எந்த மெஷினை வாங்கினாலும் அவை பென்ட்ரைவில் ஏறிக் கூடவே வந்துவிடும். ஆகவே கோப்புகளை முதலில் பார்ப்போம், கணினியை அப்புறம் பார்ப்போம்.

அதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்றை முடித்துவிடுங்கள். அந்த 'ல', 'ண' விவகாரம் பாமினியின் பிழையும் இல்லை, மெக்கின் பிழையும் இல்லை. அது சுவிஸ் விசைப்பலகை. ஜேர்மன் மொழியில் இசட் அடிக்கடி வரும் என்பதால் அங்கே விற்கும் கணினிகளில் ஆங்கில வை, இசட் விசைகள் இரண்டும் இடம் மாறியிருக்கும். பாமினியில் வை என்பது ல, இசட் என்பது ண. உங்கள் விரல் பழகிய இடத்தில் அடிக்கிறது, கணினி சுவிஸ் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, 'கல்வி' 'கண்வி' ஆகிறது. குற்றும் அப்படித்தான். நம்முடைய பலகையில் எல் விசைக்கு வலப்பக்கம் அரைப்புள்ளி இருக்கும். பாமினியில் அதுதான் குற்று. சுவிஸ் பலகையில் அந்த இடத்தில் அவர்கள் மொழிக்கு வேண்டிய உயிரெழுத்து ஒன்று இருக்கிறது, அரைப்புள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட் பகுதிக்குள் இன்புட் சோர்சஸ் என்று ஒன்று வரும். அதில் யூ.எஸ். என்பதைச் சேர்த்து அதையே தெரிவுசெய்யுங்கள். விசைகளின் மேல் அச்சிட்டிருப்பது மாறாது, அதைப் பார்க்காதீர்கள். யளனகபாதமட என்று பழகிய விரலுக்கு அச்சு தேவையில்லை.

இனிப் பெரிய விசயம். உங்கள் கோப்புகளில் தமிழே இல்லை. கேட்கக் கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை. 'தமிழ்' என்று நீங்கள் அடித்த இடத்தில் கோப்புக்குள் பதிந்திருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு ஜே வரும் இடத்தில் 'த' படத்தை வரைகிறது, கே வரும் இடத்தில் 'ம' படத்தை வரைகிறது. நாம் அதைப் பார்த்துத் தமிழ் என்கிறோம், கணினிக்கு அது கடைசிவரை ஆங்கிலம்தான். பாமினி இல்லாத கணினியில் அந்தப் படம் வரைய ஆள் இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. விண்டோஸ், மெக், உபுண்டு என்ற பேதம் இதில் கிடையாது. பாமினி போடாத இன்னொரு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான்.

யுனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறை அப்படி இல்லை. அதில் 'த'வுக்கென்றே ஓர் எண் இருக்கிறது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 2000 முதல் விண்டோஸ் கணினிகள் அதைக் காட்டத் தொடங்கின, லதா எழுத்துருவும் அதோடுதான் வந்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் அனுப்பும் ஒவ்வொரு தமிழ்ச் செய்தியும் யுனிகோட்தான். அது ஆப்பிள் போனில் இருந்து அண்ட்ரொயிட் போனுக்குப் போகும்போது ஒரு எழுத்தும் கெடுவதில்லையே, கவனித்திருப்பீர்கள்.

அப்படியென்றால் கல்முனை தொடங்கி மட்டக்களப்பு நகரம் வரை அச்சகக்காரர் இன்னும் ஏன் பாமினியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அதற்குப் பின் வந்த இன்டிசைனில்கூட பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கொம்போசர்' என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் 'கொ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். போட்டோஷொப்பிலும் இதே போன்ற ஒரு தெரிவு உண்டு. இதை யாரும் சொல்லிக்கொடுக்காதபோது, நாளைக்கு 31ஆம் நாள், இன்றிரவு மலர் அச்சாக வேண்டும் என்று நிற்பவர் எதைப் பாவிப்பார்? ஒழுங்காகத் தெரிவதைத்தான். குற்றம் மென்பொருள் செய்தவர்களுடையது, உங்களுடையது அல்ல.

ஆனாலும் பாமினியில் இருக்கும்வரை சில வில்லங்கங்கள் தொடரும். ஒன்றை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். வேர்டில் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் பழக்கம் இருக்கிறது. பாமினியில் சின்ன எப் என்பது க, பெரிய எப் என்பது கு. ஆகவே 'கல்வி' என்று தொடங்கும் வசனம் 'குல்வி' ஆகிவிடும். 'மரம்' 'முரம்' ஆகும். வினாத்தாளில் இப்படி வந்து பிள்ளைகள் முழிப்பதைக் கண்டிருக்கிறேன். ஒட்டோகரெக்ட் பகுதிக்குள் போய் அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள், எல்லாக் கணினியிலும்.

இன்னொன்று காற்புள்ளி. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் இ இருக்கிறது. காற்புள்ளி வேண்டுமானால் வேறு விசை. அவசரத்தில் எழுத்துருவை மாற்றிக் காற்புள்ளியை ஆங்கிலத்தில் அடித்தவர்களின் கோப்பை யுனிகோடுக்கு மாற்றினால் 'அரிசிஇ பருப்புஇ சீனிஇ தேங்காய்' என்று வரும். நம் நாட்டு அறிவித்தல்களில் 'மட்டக்களப்புஇ அம்பாறைஇ திருகோணமலை' என்று வருவதைப் பார்த்து, இது என்ன புது இலக்கணம் என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

சரி, மாற்றுவது எப்படி? பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் பல இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். ஆனால் முழுக் கோப்பையும் அள்ளி ஒட்டாதீர்கள். இடையில் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி இருந்தால் மாற்றி அதையும் பாமினி என்று நினைத்து வாயில் நுழையாத தமிழாக்கிவிடும். வேர்டில் ஒரு வசதி உண்டு. பாமினியில் இருக்கும் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, ஹோம் பட்டியில் சிலெக்ட் என்பதற்குள் அதே வடிவமைப்புள்ள எழுத்து முழுவதையும் தெரிவுசெய்யும் கட்டளையைக் கொடுத்தால் அந்த அளவில், அந்த எழுத்துருவில் இருப்பது மட்டும் பிடிபடும். எது பாமினி, எது ஆங்கிலம் என்று கண்ணால் பிரித்துக்கொண்டு, பந்தி பந்தியாக மாற்றுங்கள். மாற்றியபின் ஒருக்கா வாசியுங்கள், முக்கியமாகக் காற்புள்ளிகளையும் வசனத் தொடக்கங்களையும்.

ஒரு எச்சரிக்கை. உங்களைப் போன்ற கடைக்கு மனுக்கள் வரும், பொலிஸ் முறைப்பாட்டுக் கடிதம் வரும், காணிப் பிணக்கு வரும், அடையாள அட்டை இலக்கம் வரும். அவற்றை இணைய மாற்றியில் ஒட்டாதீர்கள். அந்த எழுத்து எந்த நாட்டுக் கணினியில் போய்ப் பதிகிறது என்று உங்களுக்கும் தெரியாது, அந்தக் கடிதத்துக்கு உரியவருக்கும் தெரியாது. அவை பாமினியிலேயே கிடக்கட்டும்.

பத்து வருசக் கோப்பு முழுவதையும் மாற்ற உட்கார வேண்டியதும் இல்லை. நினைவு மலர் ஒருமுறை அச்சானால் அதோடு முடிந்தது. குடும்பத்தார் பிரதி கேட்டால் கொடுக்க ஒரு பீ.டி.எப். போதும். வருசா வருசம் திகதியை மட்டும் மாற்றி எடுக்கும் சடங்கு நோட்டீஸ், கொடியேற்ற அழைப்பிதழ், வினாத்தாள் அச்சுகள், மாதிரிக் கடிதங்கள், இவைதான் உங்களுடைய முதல். இவற்றை மட்டும் யுனிகோடில் புதிதாக அமையுங்கள். வைகாசிச் சடங்குக் காலத்துக்கு முன் ஒரு மந்தமான மாதத்தில் தொடங்கினால் சரி.

இனி அடிப்பதை எப்படி யுனிகோடில் அடிப்பது என்று கேட்பீர்கள். விண்டோஸில் இ-கலப்பை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பாமினி விசை அமைப்பே உண்டு. விரல் பழைய இடத்திலேயே ஓடும், கோப்பில் பதிவது யுனிகோட். மெக்கில் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டும் கூடவே வருகின்றன, ஆனால் உங்கள் வேகத்துக்கு அவை சரிவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. தட்டச்சு வேலை விண்டோஸிலேயே இருக்கட்டும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. எல்லாம் கம்பியூட்டர்தான், பிறகு பேஜ்மேக்கர் ஏன் மெக்கில் ஏறவில்லை?

ஒரு நிரல் தனியாக வேலை செய்வதில்லை. திரையில் ஒரு சட்டம் வரை, இந்தக் கோப்பைச் சேமி, இதை அச்சுக்கு அனுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தைக் கேட்கும். கேட்கும் முறை விண்டோஸுக்கு ஒன்று, மெக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. நம் பக்கத்துக் கோயில்களில் எந்தக் குடி எந்த வேலை செய்வது என்று முறை வகுத்திருக்கிறதல்லவா? நம் ஊர் முறையில் பழகிய ஒருவர் வேறு மாவட்டத்துக் கோயிலுக்குப் போய், இன்ன குடியார் இதை எடுத்துத் தரவேண்டும் என்று காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். அங்கேயும் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது, முறைதான் வேறு. பேஜ்மேக்கர் மெக்கில் நிற்பது அப்படித்தான். போதாததற்கு, மூளையான செயலியின் கட்டளைகளும் வேறாக இருக்கலாம். 2020 முடிவிலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் சிப்பைப் போட ஆரம்பித்துவிட்டது. பழைய விண்டோஸ் நிரல்கள் எழுதப்பட்டது இன்டெல் வகைக்கு.

இதில் ஒரு வேடிக்கை, பேஜ்மேக்கர் பிறந்ததே மெக்கில்தான். 1985இல் ஆல்டஸ் என்ற நிறுவனம் அதை மெக்குக்காகத்தான் வெளியிட்டது, விண்டோஸுக்கு வந்தது 1987இல். 1994இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரை வளர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த 7ஆம் பதிப்பு பழைய மெக் முறைக்கு எழுதப்பட்டது. 2007இல் ஆப்பிள் அந்தப் பழைய முறைக்கான ஆதரவைக் கைவிட்டதும் பிறந்த வீட்டிலேயே அதற்கு இடமில்லாமல் போனது. ஆகவே அத்தான் அனுப்பிய மெக்கில் பேஜ்மேக்கருக்காக மினக்கெடாதீர்கள். இணையத்தில் 'மெக்குக்குப் பேஜ்மேக்கர் இலவசம்' என்று வருவதை இறக்கவும் வேண்டாம், வைரஸ்தான் வரும். உங்களிடம் இருக்கும் சீடீ எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

பேஜ்மேக்கர் கோப்புகளை மீட்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் ட்ரோ என்ற பகுதி, 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கும். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் லிப்ரே ஒபிஸ் உண்டு. பக்கம் அப்படியே அச்சுப் பிசகாமல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெட்டிகள் கொஞ்சம் நகரும், பூ வேலைப்பாட்டு ஓரங்கள் சில காணாமல் போகும். ஆனால் எழுத்து வரும், அதற்குப் பாமினி போட்டிருக்க வேண்டும். இன்டிசைன் வைத்திருக்கும் அச்சகத்தார் யாராவது தெரிந்தால், சீ.எஸ். 6 வரையான பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பேஜ்மேக்கர் கோப்பை நேரே திறந்த கடைசி இன்டிசைன் அதுதான். மாதச் சந்தாவில் வரும் புதியவை திறக்கா.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வழி. பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் ஒரே கணினி உங்கள் பழையதுதான், அது நின்று நின்று போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கிழமையே செய்ய வேண்டியது பிரதி எடுப்பது. முழுக் கோப்புகளையும், கூடவே பொன்ட்ஸ் கோப்புறையில் உள்ள பாமினி வகை எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கள். இன்னொரு பிரதி கடையில் இல்லாமல் வீட்டில், உயரமான இடத்தில் இருக்கட்டும். மாரியில் வெள்ளம் எந்த வாசலால் வரும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு, முக்கியமான பேஜ்மேக்கர் பக்கங்களை அந்தக் கணினியிலேயே திறந்து, பீ.டி.எப். பிரிண்டர் ஒன்றைப் போட்டு பீ.டி.எப். ஆக்குங்கள். ஆக்கிய கோப்பை அக்ரோபட் ரீடரில் திறந்து புரொபர்டீஸில் பொன்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். பாமினிக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' என்று, அதாவது எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்று, இருந்தால் அது எந்தக் கணினியிலும், எந்தப் போனிலும் அதே மாதிரித் தெரியும், அச்சாகும். எழுத்தைத் திருத்த அது உதவாது, பார்க்கவும் அச்சிடவும் மட்டும்தான்.

அந்த வேலை முடிந்ததும் பழைய கணினியின் இணையத் தொடர்பைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. இணையம் இல்லாமல் அது ஒரு தட்டச்சு மெஷின்போலப் பல வருசம் ஓடும். ஊர்ப் பிள்ளைகள் கொண்டுவரும் பென்ட்ரைவ்களை மட்டும் அதில் குத்தாதீர்கள்.

மகனுக்கு ஆர்வம் இருப்பதால் அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற சின்ன நிரல் பழைய கணினியின் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கிவிடும். அந்தக் கோப்பை வேறொரு நல்ல கணினியில் வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால், உங்கள் விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பாமினி எல்லாம் ஒரு ஜன்னலுக்குள் ஓடும். எடுக்கும்போது விஎச்டிஎக்ஸ் என்ற தெரிவை எடுத்துவிட்டு விஎச்டி ஆகவே சேமிக்கச் சொல்லுங்கள். புது இடத்தில் விண்டோஸ் மறுபடி அக்டிவேஷன் கேட்கலாம். ஆனால் பழைய பெட்டி ஒருநாள் நிரந்தரமாகக் கண்ணை மூடினாலும் பத்து வருச வேலை போகாது.

ஆசிரியரின் வினாத்தாள் வேறு வகை. அவர் பெரும்பாலும் லதாவிலோ நிர்மலாவிலோ, அதாவது யுனிகோடில்தான் அடித்திருப்பார், அதனால்தான் எழுத்துக் கெடவில்லை. ஆனால் அந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை. மெக்கில் தமிழ் சங்கம், இணைமதி என்று வேறு எழுத்துருக்கள் இருக்கின்றன. கேட்டது இல்லாதபோது கணினி கையில் இருப்பதைப் போடும். ஒவ்வொரு எழுத்தும் மயிரிழை அகலம் என்றாலும் நாற்பது கேள்வி முடியும்போது அது ஒரு பக்கமாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிப் தமிழ் என்று கூகுள் இலவசமாகத் தரும் எழுத்துருக்களை உங்கள் எல்லாக் கணினியிலும் போடுங்கள், வழக்கமாக வரும் ஆசிரியர்களுக்கும் பென்ட்ரைவில் கொடுத்துவிடுங்கள். படங்களை எழுத்தோடு ஒரே வரியில் நிற்கும்படி, 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று வைக்கச் சொல்லுங்கள். அப்போது கேள்வி நகர்ந்தாலும் படம் கூடவே நகரும். திருத்தம் எதுவும் இல்லை, அச்சு மட்டும்தான் என்றால், வேர்ட் கோப்போடு பீ.டி.எப். ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவரும்படி கடையில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பாதிச் சண்டை வாசலிலேயே தீரும்.

பென்ட்ரைவ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள். என்டிஎப்எஸ் முறையில் போர்மட் செய்ததை மெக் வாசிக்கும், அதில் எழுதாது. கடையில் பாவிப்பதை எக்ஸ்பெட் முறையில் போர்மட் செய்தால் மூன்று இயங்குதளத்திலும் ஓடும்.

திருத்த வந்த தம்பி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கும் வழமையான திருத்தங்கள் நின்றுவிட்டன, இனி வாங்கினால் 11தான். ஆனால் உங்கள் பழைய பெட்டியில் அது ஏறாது. 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும், டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதோடு 11இல் 32-பிட் என்ற பழைய வகைப் பதிப்பே இல்லை, 64-பிட் மட்டும்தான். இது உங்களுக்கு எங்கே வலிக்கும் என்றால் பிரிண்டரில். 32-பிட் விண்டோஸுக்கு வந்த பிரிண்டர் ட்ரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் நிரல், 64-பிட்டில் வேலை செய்யாது. உங்கள் பிரிண்டருக்குக் கம்பனி 64-பிட் ட்ரைவர் தந்திருந்தால் பிழைத்தீர்கள், இல்லாவிட்டால் நல்ல பிரிண்டரும் குப்பை. பேஜ்மேக்கரைப் பொறுத்தவரை 32-பிட் நிரல்கள் 11இல் ஓடும், அதிலும் பழைய 16-பிட் நிரல்கள் ஓடாது. பழைய சீடீக்களில் நிரல் 32-பிட்டாக இருந்தாலும் அதை ஏற்றிவைக்கும் நிரல் 16-பிட்டாக இருந்து அங்கேயே மறித்துவிடுவதும் உண்டு. ஆகவே அந்தத் தம்பியிடம் சண்டை பிடிக்காமல் ஒன்று கேளுங்கள்: காசு கொடுக்கும் முன் அந்த மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து, உங்கள் சீடீயைப் போட்டு, உங்கள் பிரிண்டரில், உங்கள் சடங்கு நோட்டீஸ் ஒன்றை அடித்துக் காட்டட்டும். புதுசு தேவையில்லை, அலுவலகங்கள் கழித்துவிட்ட 8ஆம் தலைமுறை மெஷின்கள் பாவித்த சாமான் கடைகளில் வருகின்றன. கொமினிகேஷனுக்கு அது தாராளம்.

மகன் உபுண்டுவைச் சொன்னதற்காக அவரைப் பேசாதீர்கள். அவர் சொல்வது அவருடைய படிப்புக்குச் சரி. உபுண்டுவில் யுனிகோட் தமிழ் நன்றாகவே தெரியும், இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசை அமைப்பும் கிடைக்கும், வைன் என்ற மென்பொருள் மூலம் சில விண்டோஸ் நிரல்களையும் ஓட்டலாம். வைன் 1993இலிருந்து வளர்ந்து வருவது, ஆனால் எந்த நிரல் ஓடும், எது பாதியில் கவிழும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வாசலில் ஐந்து பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஆராய்ச்சி சரிவராது. வருபவர்கள் எல்லாம் விண்டோஸில் செய்த கோப்போடு வரும்வரை, கடையின் முதல் மெஷின் விண்டோஸாக இருப்பதுதான் புத்தி. படிவம் நிரப்ப, பெறுபேறு பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப என்று இணைய வேலைக்கு மட்டும் ஒரு மெஷின் தேவைப்பட்டால் அதில் உபுண்டு போட்டுக்கொள்ளட்டும், வைரஸ் தொல்லையும் குறையும்.

மெக்கை விற்க வேண்டாம். அத்தான் மனம் நோவார் என்பது ஒரு பக்கம், படத் திருத்தம், கல்யாண வீடியோ வெட்டுதல் போன்றவற்றுக்கு அது நல்ல சாமான். ஆனால் அதற்குள் விண்டோஸை ஓட்டலாமா என்பது எந்த மெக் என்பதைப் பொறுத்தது. இடப்பக்க மேல் மூலையில் ஆப்பிள் குறியைத் தட்டி 'அபவுட் திஸ் மெக்' என்பதைப் பாருங்கள். இன்டெல் என்று இருந்தால் மகன் எடுக்கும் அந்த டிஸ்க் கோப்பை வேர்ச்சுவல் பொக்ஸில் திறந்து, பேஜ்மேக்கரை மெக்கிலேயே ஓட்ட வழி உண்டு. எம் 1, எம் 2 என்று ஆப்பிள் சிப்பின் பெயர் இருந்தால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள், வேர்ச்சுவல் பொக்ஸ் அங்கே இன்டெல் விண்டோஸை ஓட்டாது. எது என்று பார்த்து, பிரிண்டரின் மொடல் இலக்கத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எந்த ட்ரைவர், எந்தப் பதிப்பு என்று அப்போது குறிப்பாகச் சொல்கிறேன்.